ஜன்னலோர மணி பிளாண்ட்

7 ஜூலை 1991, ஆவடி

குவார்ட்டர்ஸுக்குப் புது பெயிண்ட் அடித்ததிலிருந்து மூச்சிரைப்பு. தம்பி டேவிட் பாளையங்கோட்டையிலிருந்து ஆபீசுக்கே போன் செய்துவிட்டான். “அடுத்த மாசம் நானே வருவேன். அப்பவும் இரைச்சா வேலைய எழுதிக் குடுத்துட்டு எங்கூட வந்திரணும்க்கா.” தம்பி வீட்டில் ஒரு மூலை. நினைத்தாலே இரைக்கிறது.

வீட்டுக்குள் செடி வைத்தால் பெயிண்ட் நெடியை உறிஞ்சுமாம், பத்திரிகையில் போட்டிருக்கிறது. தொழிற்சாலை லேபில் பெயிண்டைச் சோதிப்பதே என் வேலை. இலைக்கு மூக்கா இருக்கிறது?

8 ஜூலை

குமணன்சாவடி நர்சரியில் நான்கு மணி பிளாண்ட் வாங்கினேன். சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

9 ஜூலை

செடிக்கு வெளிச்சம் வேண்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று நான் மூடியே வைத்திருந்த தெரு ஜன்னலைத் திறந்தேன். உடனே பக்கத்து வீட்டு புஷ்பா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, துட்டு குடுத்தா வாங்கினே? மணி பிளாண்ட்டு திருடி வெச்சாதான் வளரும்!”

தாவரவியல் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

15 ஜூலை

பாவிகளா! நான்கு செடியும் பாதி மொட்டை. ஜன்னல் கம்பி வழியாகக் கைவிட்டு எங்கள் பிளாக் ஜனமே கிள்ளிக்கொண்டு போயிருக்கிறது. புஷ்பாவிடம் சண்டைக்குப் போனேன். “கேட்டா நானே குடுத்திருப்பேனே!”

“குடுத்தா வளராதுக்கா. இரு, சூடா போண்டா போட்டுக்கீறேன், துன்னுட்டுப் போ.”

தின்றேன். நான்கு.

19 ஜூலை

எழுதக் கை ஓட மாட்டேனென்கிறது. சாயங்காலம் கம்பிக்குள் ஒரு கை வந்தது. பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி! வெளியே மாடி வீட்டு சத்தியராஜ். டிசைன் பிரிவு இன்ஜினியர், மனைவியை இழந்தவர். ஆறு வருடமாக “குட் மார்னிங்” தவிர வாயே திறந்ததில்லை.

“நீங்களுமா சார்? இதை நம்புறீங்களா?”

“நம்பலை மேடம். ஆனா கேட்டு வாங்கி, வளராமப் போயிட்டா?”

என்ன தர்க்கம் இது! சிரித்தேன். அவரும் சிரித்தார். “மேடம், கையை விட்டீங்கன்னா நான் திருடிட்டுப் போயிடுவேன்.”

கடவுளே. அதுவரை விடவே இல்லை நான்.

28 ஜூலை

ஒரு வாரமாக இரைப்பில்லை. செடியா? மிஞ்சியது வெறும் காம்பு. திறந்த ஜன்னலா? பெயிண்ட் காய்ந்துவிட்டதா? எதையும் தனியாகப் பிரித்துச் சோதிக்கவில்லை. லேபில் இப்படி அறிக்கை கொடுத்தால் கிழித்துப் போடுவேன்.

இன்று புஷ்பாவும் நானும் மேனேஜர் பங்களா வேலியில் ஒரு கொடி கிள்ளினோம். நாய் குரைத்தது. ஓடினேன்! நாற்பத்தொன்பது வயதில், புடவையைத் தூக்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி. நானா அது?

11 ஆகஸ்ட்

டேவிட் வந்தான், இரண்டு பேருக்குத் திரும்பும் டிக்கெட்டோடு. என்னை மாடிவரை ஏறி இறங்கச் சொல்லிக் கவனித்தான். மேலேயிருந்து இறங்கியபோது கூடவே சத்தியராஜும் வந்தார். டேவிட் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“ஒரு டிக்கெட்ட கேன்சல் பண்ணிரலாம்க்கா.”

எழும்பூருக்கு நாங்கள் இருவரும் போய் அவனை ரயிலேற்றினோம். திரும்பும்போது சென்ட்ரலில் ஏறிய மின்சார ரயிலில் என்ன பேசினோமோ, ஆவடி போனதே தெரியவில்லை. திருநின்றவூரில் இறங்கி எதிர் வண்டிக்காக உட்கார்ந்தோம்.

முதலில் வந்த வண்டியில் ஏறவில்லை.