வெள்ளிக்கிழமைப் படகு

ஜனவரி 9, புதன்

இன்று பண்டா ஆச்சே இஸ்லாமிய வங்கியில் இருந்தவர்கள்: என் மகன் முஸாக்கிர், மருமகன் தர்மிஸி, எங்கள் கரையின் கடல் தலைவர் இப்ராஹிம், வங்கிக்காரப் பெண் அஃப்ரிடா, ருஹானாவாகிய நான். ஐந்து பேர். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

வட்டி கிடையாது. படகில் பாதி வங்கிக்கு, பாதி முஸாக்கிருக்கு. லாபமும் பாதி, நஷ்டமும் பாதி. மீன் தரகன் பஸ்ரியிடம் கடன் வாங்கி, அவன் சொன்ன விலைக்கே மீனைப் போட்டு இருபது வருஷம் அழிந்தோம். என் புருஷனைச் சுற்றி அடக்கம் செய்த கபன் துணியைக்கூடக் கடனில் எழுதினான். மறக்கவில்லை.

"இந்தப் படகு நல்லா ஓடினா உங்க கரைக்கு இன்னும் பத்து தர்றோம்மா," என்றாள் அஃப்ரிடா.

மே 20, திங்கள்

யோசனை தர்மிஸியுடையது. படகு மூழ்கிவிட்டது என்று சொன்னால் வங்கியின் பாதி வங்கியோடு போகும். அப்புறம் வருவதெல்லாம் நமக்கே. அலையாத்திக் காட்டு ஓடைக்குள் ஒளித்துவிட்டார்கள்.

"கூட்டாளி வங்கிக்குத் தெரியவா போவுது, மாமி?" என்றான்.

அஃப்ரிடா வந்து என்னைத்தான் கேட்டாள். "நீங்க சொன்னாப் போதும்மா."

மூழ்கிவிட்டது என்று சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. தேநீரைக் குடிக்காமலே போனாள்.

மே 30, வியாழன்

பத்துப் படகும் இல்லையாம். முதல் படகே போய்விட்டதென்று மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை எங்கள் கரையில் யாரும் கடலில் இறங்கக் கூடாது. கடல் காலியாகக் கிடக்கும். அதனால்தான் முஸாக்கிர் அன்றைக்குப் போகிறான். பார்க்க யாரும் இல்லை.

ஆனால் சத்தம் கேட்கிறதே. இரண்டு தட்டு, ஒரு இருமல் – அவன் எஞ்சின்தான். கிணற்றடியில் பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"மூழ்கின படகு ஓடுதுடீ," என்றாள் ஒருத்தி.

நல்ல வெயிலில் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. எனக்கும். என் மகன்தான் என்று தெரிந்தும் எனக்கு ஏன்?

ஜூன் 21, வெள்ளி

காலையில் போனான். மாலை அஸர் தொழுகையும் ஆகிவிட்டது. வரவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப். வரவில்லை.

"பொறுங்க மாமி, சொன்னா மாட்டிக்குவோம்," என்கிறான் தர்மிஸி.

பொறுத்தேன்.

ஜூன் 22, சனி

முடியல. கடல் தலைவர்கிட்ட ஓடி எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

"போன மாசம் மூழ்கின படகை இப்ப எங்கேன்னு தேடுறது, ருஹானா?" என்றார். பிறகு எழுந்து ஆட்களைக் கூப்பிட்டார்.

கரையில் இருந்தது நாலு பழைய படகு. நாலும் போயின. அந்தப் பத்தும் இருந்திருந்தா –

ஜூன் 28, வெள்ளி

தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அஃப்ரிடா துக்கத்துக்கு வந்தாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இந்த நஷ்டத்துலயும் பாதி எங்களோடதுதாம்மா."

ஆண்கள் தொழுகைக்குப் போனதும் கரைக்குப் போனேன். நாலு படகும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். நாலு. கடலில் ஒன்றுமே இல்லை.

அப்போது கேட்டது. இரண்டு தட்டு, ஒரு இருமல். சத்தம் கரைப்பக்கம் வரவில்லை. தள்ளிப் போகவும் இல்லை.

பஸ்ரியை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். தர்மிஸியைக்கூட. அன்று வங்கியில் இருந்த ஐந்து பேரில் ஒருத்தியை மட்டும் மறுமையிலும் மன்னிக்க மாட்டேன். நீங்க சொன்னாப் போதும் என்றதும் வாய் திறந்தவள்.

ருஹானா.