பிரிட்ஜில் ஒட்டிய டீ ரிப்போர்ட்

என் மேல் கோபமாக இருக்கும் அன்பு மனைவிக்கு,

நலம். நீ நலமா என்று போனில்தான் கேட்கப் பார்த்தேன். எப்போது அடித்தாலும் அத்தைதான் எடுக்கிறார். "அவ குளிக்கிறா மாப்பிள்ளை" என்கிறார். நேற்று மட்டும் ஏழு முறை குளித்திருக்கிறாய். சளி பிடிக்கப் போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. என் அக்கா போடும் டீதான் ஸ்ட்ராங் என்று வாயால் சொன்னதோடு விட்டிருந்தால், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அவ்வளவுதான். இரண்டு டீயையும் எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், அதிக ஒளியை விழுங்குவதுதான் ஸ்ட்ராங் என்று ஸ்பெக்ட்ரோ மிஷினில் அளந்து, அக்கா டீ 0.61, உன் டீ 0.42 என்று அச்செடுத்து, முத்திரையும் குத்தி பிரிட்ஜில் ஒட்டினேனே, அது என் கொழுப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை ஆய்வகத்தில் என் மானம் கப்பலேறியது. ஆற்றுத் தண்ணீர் மாதிரிகள் எல்லாமே எக்கச்சக்கமாகக் காட்டின. மிஷின் பழுது என்று தலைமை மேடத்திடம் அடித்துச் சொன்னேன். அவர் மிஷினைத் தொடவே இல்லை. மாதிரி ஊற்றும் சின்னச் சதுரக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் இரண்டு பக்கம் சொரசொரப்பு, நாம் பிடிப்பதற்கு. மற்ற இரண்டு பக்கம் பளபளப்பு, ஒளி புகுவதற்கு. பளபளப்பான பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை, எண்ணெயோடு. "பதினாலு வருஷ சர்வீஸ். எதைத் தின்னுட்டு சார் இதைப் பிடிச்சீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. டீயை அளந்த அன்று அக்கா பிளாஸ்க்கோடு வறுவலும் கொடுத்தனுப்பியிருந்தாள். உன் டீயை அளந்து முடித்து, வறுவலைத் தின்றுவிட்டு, அதே கையால் குழாயைப் பிடித்து அவள் டீயை அளந்தேன். வறுவல் எண்ணெய் மறைத்த ஒளியையும் மிஷின் அவள் டீக் கணக்கில் சேர்த்துவிட்டது.

அக்காவிடம் மறுபடி டீ வாங்கி, சுத்தமான குழாயில் அளந்தேன். 0.40. அதை அவளிடமும் போய்ச் சொன்னேன். இப்போது அவளும் என்னோடு பேசுவதில்லை. இரண்டு வீட்டிலும் எனக்கு டீ இல்லை.

நானே போட ஆரம்பித்தேன். முதல் நாள் 0.15. அடுத்த நாள் தார். தினமும் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அளந்தேன். மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். நேற்று அசல் 0.42 வந்தது, உன் டீயேதான். மிச்சத்தை வீட்டில் சுடவைத்து, உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீ இல்லாமல் இந்த வீட்டில் எதுவுமே பிடிக்கவில்லை.

ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டேன். டேப் தடம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. வந்து நீயே திட்டிக்கொண்டே சுரண்டு. இனிமேல் வீட்டில் டீ என் வேலை. குறை சொல்வது உன் வேலை.

ஞாயிறு காலை பிளாஸ்க்கோடு உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். நீ குளிக்கிறாய் என்று அத்தை சொன்னால், பரவாயில்லை, நிதானமாகக் குளி. நீ வரும்வரை நிற்கிறேன்.

இப்படிக்கு,
கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய
உன் கணவன்