படகோட்டி சாகமாட்டான் என்றாய்

போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை செடெனாக்கிலிருந்து வந்து ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். "அக்கா ஒங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னிச்சு," என்றாள். திறந்ததும் உன் தைல வாசம். பஸ்ஸில் ஏசிக் குளிர் ஆகாதென்று தினமும் நெற்றியில் தேய்ப்பாயே, அதே வாசம். நீ போய் நாலு மாதமாகியும் அது போகவில்லை.

உள்ளே நாம் சேர்ந்து பார்க்கும் ஜப்பானிய அனிமே தொடரின் படக்கதைப் புத்தகங்கள். மலாய் மொழிபெயர்ப்பில், முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை ஒன்றுகூட விடாமல் வாங்கியிருக்கிறாய். எனக்கு முதலில் புரியவேயில்லை. முடிவு தெரிந்துவிடும், புத்தகத்தைத் தொடக்கூடாது, ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தி பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டவளே நீதானே?

ஒன்பது வருடம் அந்தச் சட்டத்தை நான் காப்பாற்றினேன். ஸ்கூடாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரே கைப்பேசி, ஒரே இயர்போன். வலது காது எனக்கு, இடது காது உனக்கு. சாயங்காலம் மாசாய் பக்கம் ரோட்டில் ஜேம் பிடித்தால் மற்றவர்கள் எல்லாம் முணுமுணுப்பார்கள், நாம் மட்டும் இன்னொரு பாகம் பார்க்கலாம் என்று சந்தோஷப்படுவோம். போன வருடம் நீ அடிக்கடி எம்.சி. லீவு போட்டபோதும் நான் தனியாகப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். "என்னடி ஆச்சு?" என்று கேட்டால், "வயித்துல கேஸ்திரிக்தான் லா, வேற ஒன்னுமில்ல," என்பாய். நம்பினேன். என்னைப்போல ஏமாளி அந்த பஸ்ஸில் வேறு யாருமில்லை.

போன மாதம் கடைசி சீசன் தொடங்கியது. பார்ப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தனியாகத்தான் பார்த்தேன். வாளே எடுக்காத அந்த நரைத்த படகோட்டி எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஊரே எரிந்தாலும் நாலு பேரை அக்கரை சேர்த்துவிட்டு, பழைய துண்டால் முகம் துடைத்துக்கொள்வான். அவனை இந்த சீசனின் மூன்றாம் பாகத்திலேயே கொன்றுவிட்டார்கள். அதுவும் சண்டையில்கூட இல்லை. துடுப்பைப் பிடித்தபடியே சாய்கிறான். அடுத்த காட்சியில் வேறொருவன் படகை ஓட்டுகிறான். அவனுக்காக யாரும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கவில்லை. படமும் அவசரமாக வரைந்ததுபோல இருந்தது. ஒன்பது வருடம் கூடவே வந்தவர்களுக்கு இவ்வளவுதானா மரியாதை? எடுத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ இருந்திருந்தால் என்னைவிட அதிகமாகத் திட்டியிருப்பாய் என்று நினைத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பெட்டி வந்தது.

கடைசிப் புத்தகத்துக்கு முந்தைய புத்தகத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது. மருத்துவமனை வரிசை எண். மேலே புற்றுநோய்ப் பிரிவு என்று மலாயில் அச்சாகியிருந்தது. தேதி, தீபாவளிக்கு முந்தைய திங்கட்கிழமை. சீட்டு இருந்த பக்கத்தில் படகோட்டி துடுப்பைப் பிடித்தபடி சாய்ந்துகொண்டிருந்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நீ வேலைக்கு வந்தாய். அன்று பஸ்ஸில் நடந்தது எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"கடைசி சீசன்ல இவனக் கொன்னுடுவாங்களோன்னு பயமா இருக்குடி," என்றேன்.

"சாகமாட்டான் லா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"என் மேல சத்தியமா சாகமாட்டான். போதுமா?"

எனக்கு அன்றே ஆச்சரியமாக இருந்தது. நீ யார் மேலும் சத்தியம் செய்யமாட்டாய். பொய்ச் சத்தியம் செய்தால் யார் மேல் செய்தோமோ அவர் உயிர் போய்விடும் என்று பயப்படுவாய். விளையாட்டுக்குக் கேட்டாலும், "அத மட்டும் கேக்காத," என்று வாயைப் பொத்துவாய். அப்படிப்பட்டவள் அன்று சிரித்துக்கொண்டே உன் மேலேயே செய்தாய். செய்துவிட்டு இடது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, "போடு," என்றாய்.

அவனைப் பற்றியும் பொய், உன்னைப் பற்றியும் பொய். இரண்டையும் ஒரே முகத்தோடு சொன்னாய். கடைசியில் உன் தங்கை கூப்பிட்டு நான் வார்டுக்கு ஓடி வந்தபோது உன்னால் பேச முடியவில்லை. கேட்பதற்கு என்னிடம் எவ்வளவு இருந்தது தெரியுமா? எனக்குப் பயமாக இருக்கும் என்று மறைத்தாயா, என் அழுகையைத் தாங்க முடியாது என்று மறைத்தாயா? எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம்தான். என்னை அழவிட்டிருக்கலாம். நீ இருக்கும்போதே அழுதிருப்பேன்.

இப்போது பஸ்ஸில் உன் இடத்தில் பேக்கிங் பகுதி முஸ்லிம் அக்கா உட்காருகிறார், எல்லோருக்கும் அவர் லாத்தா. ஐம்பது வயதிருக்கும். நான் பார்ப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "எனக்கும் மொதல்ல இருந்து போட்டுக் காட்டு," என்றார். முடியாது என்று சொல்ல நினைத்து, இடதுபக்க இயர்போனைக் கொடுத்துவிட்டேன். முதல் சீசனில் இருக்கிறோம். படகோட்டி வந்தாலே அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

நேற்று மாசாய் ஜேமில் கேட்டார். "இந்த மனுசன் கடைசி வரைக்கும் இருப்பாருல்ல?"

"இருப்பாரு லாத்தா," என்றேன். நான் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது, உன் குரலிலேயே.

"சத்தியமா?"

நாக்கு நுனி வரை வந்தது. என் மேல் செய்ய எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு அன்று அந்தப் பயம்கூட மிச்சமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.