படிப்புப் பக்கத்துப் பணம்

மாசாணியம்மன் துணை

துடியலூர்,
7-7-96

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மன் புண்ணியத்தில் நானும் நம் மகள் இளவேனிலும் நன்றாக இருக்கிறோம். அங்கே உங்கள் சோறும் தூக்கமும் எப்படியோ என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

ரூம் சின்னதுதான், காற்று வருகிறது. இளவேனில் நடந்தே காலேஜுக்குப் போய்விடுகிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டால், ஹாஸ்டல் பணம் மிச்சமாகுமே என்று மகளுக்குச் சமைத்துப்போட வந்திருக்கிறேன் என்கிறேன். பொள்ளாச்சியில் நீங்களும் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் ஏன் வந்தேன் என்று நம் இருவருக்கும் தெரியும். படிப்பு என்று தலைப்புப் போட்டு மூன்று வருஷம் சேர்த்த பணத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து உங்கள் தங்கை மகள் சீருக்குப் போட்டீர்கள். கடைசியில் என் சங்கிலியை அடகு வைத்து ஃபீஸ் கட்டினோம். தாய்மாமன் சீர் செய்ததில் எனக்குக் குறை கிடையாதுங்க. கேட்டிருந்தால் சங்கிலியை அன்றைக்கே கழற்றிக் கொடுத்திருப்பேன். “எல்லாம் ஒரே ஊட்டுப் பணந்தானே அம்மணி, எந்தப் பக்கத்துல இருந்தா என்ன?” என்றீர்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. ஒரு தலைப்பு எழுதினால் அது அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு மாதிரி.

அது இருக்கட்டும். சம்பளம் இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு தலைப்பாகச் சாமி, சமையல், வீடு, வைத்தியம், படிப்பு, சீர் என்று போடுங்கள். சம்பளம் வந்ததும் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்று மேலே எழுதிவிடுங்கள். செலவானதை அன்றன்றே கீழே எழுதுங்கள். மாதம் முடிந்ததும் ஒரு நகல் எனக்கு வரட்டும். சாமிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
மாசாணியம்மாள்


பொள்ளாச்சி,
4-8-96

என் அன்பு மாசாணிக்கு,

நீ சொன்னபடி எழுதி, நகலை இதோடு வைத்திருக்கிறேன். லாரி ஓட்டுவது சுலபம், இது முடியவில்லை. டீ எந்தப் பக்கம் என்று யோசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. தேங்காய் மண்டியில் எல்லோரும் என்னைக் கணக்கப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ரசம் வைத்தேன். பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ எப்போது வீட்டுக்கு வருகிறாய்? பாப்பாவை நன்றாகச் சாப்பிடச் சொல்.

மயில்சாமி


மாசாணியம்மன் துணை

துடியலூர்,
11-8-96

அன்புள்ள மாமாவுக்கு,

கணக்கு வந்தது. ரொம்ப சந்தோஷம். தப்புகளைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முடி வெட்டினதை ‘வீடு ரிப்பேர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். “அப்பாவுக்கு வெள்ளையடிச்சு உட்டாங்களாம்மா?” என்று இளவேனில் கேட்டாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. புரோட்டாவைச் சாமி பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் தின்றாலும் அது சாமி செலவு ஆகாதுங்க. லாரிக்கு வாங்கிய எலுமிச்சம்பழத்தைச் சமையலில் பார்த்தேன். அதுதான் சாமி.

படிப்புப் பக்கத்தில் நானூறு ரூபாய் எழுதி, கீழே செலவு ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆனால் கையில் காசு இருக்கிற மாதத்தில் எவரும் அப்படி விடலாம்.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் இதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நிலைக்கிறதா என்று தெரிந்தால்தான் எனக்கு அந்த வீட்டில் நிம்மதியாகத் தூக்கம் வரும். அதுவரைக்கும் இங்கேயே இருக்கிறேன்.

ரசத்துக்குப் புளியைக் குறைத்துப் போடுங்கள். பருப்புத் தண்ணீர் ஊற்றி நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும்.

அன்பு மறவாத,
மாசாணியம்மாள்


பொள்ளாச்சி,
24-11-96

என் அன்பு மாசாணிக்கு,

ஐப்பசிக் கணக்கு தனியாக அனுப்பினேன், கிடைத்திருக்கும். இது வேறு விஷயம்.

தங்கை பூவாத்தாள் பையனுக்குக் காது குத்துகிறார்கள். டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஊர்க் கோயிலில். என் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். மாப்பிள்ளை ஆறுச்சாமி மண்டிக்கே வந்து, கால் பவுனில் கடுக்கன், வெள்ளி அரைஞாண், ஏழு தட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். சீர் பக்கத்தில் முந்நூற்றைம்பது ரூபாய்தான் இருக்கிறது. படிப்புப் பக்கத்தில் இரண்டாயிரம் சேர்ந்திருக்கிறது.

கை அந்தப் பக்கம் போகவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நோட்டை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

அடுத்த நாள், ஒரே தட்டுதான் கொண்டுவருவேன் என்று ஆறுச்சாமியிடம் சொன்னேன். லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் நிற்கிறார்கள். “ஏனுங்க மச்சான், லாரி நெறையக் கொப்பரை ஏத்தறீங்க, மருமவனுக்கு ஏழு தட்டு ஏத்த முடியலீங்களா?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “எம் புள்ள படிப்புக்குன்னு எழுதிப்போட்டேனுங்க. அதுல நான் கை வெக்க மாட்டேன். சீருன்னு எழுதுனதுதான் சீரு” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பூவாத்தாள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். அதுதான் தாங்க முடியவில்லை.

பையனுக்குச் சட்டையும் டவுசரும் எடுத்திருக்கிறேன். தேங்காய், பழம், பூ வாங்க வேண்டும். தாய்மாமன் பெண்டாட்டிதான் தட்டெடுத்து முன்னால் நடக்க வேண்டும், உனக்குத் தெரியும். உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. நானே எடுத்துக்கொண்டு போய்க்கொள்கிறேன். எங்கே மாசாணி என்று கேட்பார்கள். பாப்பாவுக்குப் பரீட்சை என்று சொல்லிவிடுகிறேன்.

மயில்சாமி


மாசாணியம்மன் துணை

துடியலூர்,
29-11-96

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை இளவேனில் படித்துவிட்டுப் போய்ப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். நான் உடனே எழுதுகிறேன்.

யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள். தட்டில் எதையும் கூட்டவும் வேண்டாம். தேங்காய் மட்டும் முற்றினதாகப் பார்த்து, மண்டித் தேங்காயே ஆனாலும் காசு கொடுத்து எடுங்கள்.

ஏழாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் பொள்ளாச்சி வந்து சேருகிறேன். வெறும் தயிர் இருந்தால் போதும், சமைக்கிறேன் என்று அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். திங்கட்கிழமை இளவேனிலுக்கு நிஜமாகவே பரீட்சை இருக்கிறது, அதனால் ஞாயிறு சாயங்காலம் நான் திரும்ப வேண்டும். வருஷப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் ரூமைக் காலி செய்துகொண்டு இரண்டு பேருமாக வந்துவிடுகிறோம். அடுத்த வருஷம் அவள் ஹாஸ்டலில் இருந்து படிக்கட்டும். அந்தப் பணத்தையும் சேர்த்து எழுத இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

பூவாத்தாளோடு நான் பேசிக்கொள்கிறேன். அவள் வருத்தம் தட்டைப் பற்றியது இல்லை, ஊர் வாயைப் பற்றியது.

அதனால் அந்த ஒரு தட்டை நான் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு முன்னால் நடக்கிறேன். சின்னத் தட்டு என்று சொல்ல நினைக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் வீட்டுக்காரி,
மாசாணியம்மாள்