நொய்டாவுக்குப் போன முதல் பொட்டலம்

கடைச் சுவரிலிருந்து அந்தப் பலகையை இன்று காலை கழற்றினேன். காப்பிப்பொடி படிந்து பழுப்பேறியிருந்தது. துடைத்தபோது எழுந்த மணத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோலவே இருந்தது. 'காம்போசிஷன் வணிகர்' என்று நீங்களே பெயிண்டில் எழுதியது. ஏதோ பட்டம் வாங்கியவர்போல அதை மாட்டிவிட்டுத் தள்ளிநின்று பார்த்தீர்களே.

பட்டமா அது? நான் உங்களுக்குப் பூட்டிய விலங்கு.

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் நம்மைப் போன்ற சின்னக் கடைக்கு இரண்டு வழி இருந்தது. காம்போசிஷன் என்றால் விற்ற தொகையில் சிறு பங்கை நம் கையிலிருந்து கட்டிவிடலாம். எழுத்து வேலை குறைவு. ஆனால் டெல்லியைத் தாண்டி, யமுனைக்கு அந்தப்பக்கம் உ.பி.யில் இருக்கும் நொய்டாவுக்குக்கூட, ஒரு பொட்டலம் விற்கக்கூடாது. மற்ற வழியில் வாங்குபவரிடம் வரி வாங்கிக் கட்ட வேண்டும். கணக்கு கூடுதல், எங்கும் விற்கலாம். உங்களுக்கு அதில்தான் ஆசை.

"கரோல்பாக் சனமெல்லாம் நொய்டாவுக்கு வீடு மாறுது அம்மிணி. நம்ம பொடியும் கூடப் போவோணுமில்ல?" என்றீர்கள்.

"ஊரார் வரிப்பணம் நம்ம கல்லாவுல எதுக்குங்க? மடியில கனமிருந்தா வழியில பயந்தான்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? நீங்கள் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்வரை முகம்கொடுத்துப் பேசவில்லை.

யமுனைக்கு அந்தப்பக்கம் குடிபோன வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். தினமும் ஓடிய அரவை மெஷின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. 'உன்னால்தான்' என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மனம் ஆறியிருக்கும்.

நீங்கள் போனபின் கடைப் பதிவை என் பெயரில் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. "பாபிஜி, காம்போசிஷன்தானே?" என்று கணக்கு எழுதும் பையா ஹிந்தியில் கேட்டார். "வேண்டாம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பிழைப்பு என் தலையில் விழுந்ததும் அந்தப் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

முதல் பொட்டலத்தை நொய்டா அண்ணாச்சிக்கு அனுப்பினேன். முழங்கால் வலியோடு மெட்ரோ ஏறிவந்து வாங்கிப்போவாரே, அவருக்குத்தான். மத்தியானம் போன் செய்தார்.

"இத அப்பமே செஞ்சிருக்கலாம்லா தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரருக்குத்தான் சோம்பல். 'மாசாமாசம் கணக்குப் பாக்க நமக்கு ஒடம்பு வளையாது அண்ணாச்சி'ன்னு அவரே சொல்லுவாரு."

விடிவதற்கு முன்பே எழுந்து கொட்டை வறுத்தவர் நீங்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் சோம்பேறிப் பெயரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன்.

"ஆமாங்க அண்ணாச்சி, அவரு அப்படித்தான்" என்றேன்.