கடலா, கரையா

மார்ச் 3

காலையிலிருந்து மெருகுச் சக்கரத்துக்குத் தண்ணீர் வரவில்லை. மூக்குக்கண்ணாடி வில்லைகள் சூடேறி ஓரம் தெறித்தன. வில்லை அரைக்கிற கொக்கு அண்ணன் குழாயைக் கழற்றி ஊதி ஊதிப் பார்த்துவிட்டுக் கன்னம் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் தானாகவே வந்தது.

சாயங்காலம் முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டார். பள்ளிக்கூடங்களுக்கான கண்ணாடி ஆர்டர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாம். அதற்காகப் பட்டறை மொத்தமும் சுற்றுலா போகிறோம், எங்கே என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். மூன்று இடம்: மலை, பெரிய நகரம், வெயில் தீவு. தீவுக்குப் போனால் முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கலாம். அது வேண்டாதவர்களுக்குக் கரையில் சைக்கிள், காட்டு நடை, வவ்வால் குகை.

எங்களிடம் பெட்டி கட்டுகிற அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. "மலைக்குப் போயி நடுங்கறதுக்கு நான் வீட்டு ஃப்ரிட்ஜத் தொறந்து வச்சுக்கிட்டு முன்னாடி உக்காந்துக்குவேன்" என்றாள். சிரிப்பு. எல்லாக் கையும் தீவுக்குத் தூக்கியாயிற்று. தூக்கிய பிறகுதான் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். கைகள் மெல்ல இறங்க ஆரம்பித்தன.

முதலாளியம்மா, "மலைக்கே போலாம் கண்ணு" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு தீவுக்கு என் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? எனக்காக எல்லோரும் குளிரில் நடுங்க வேண்டாம் என்றுதான். வேறு காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 4

ஏன் பார்த்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் அது மட்டும் அறைக்குள் நின்றுகொண்டே இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் என் அக்கா தோழிகளோடு படகில் போனாள். படகு கவிழ்ந்தது. தோழிகள் கரையேறினார்கள். அக்கா வரவில்லை. உடம்பும் வரவில்லை.

அவள் இதே பட்டறையில்தான் வேலை பார்த்தாள். அம்மா பல மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அக்காவின் முக்காலியில் உட்கார்ந்தேன். சில காலைகளில் அந்த முக்காலி சூடாக இருக்கும், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி. மோட்டார் பக்கத்தில் இருக்கிறதல்லவா, அதனால்தான் என்பார் கொக்கு அண்ணன்.

மோட்டார் ஓடாத காலையிலும் சூடாகத்தான் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 6

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 8

சுற்றுலா ஏற்பாடு செய்கிற பெண் பட்டறைக்கே வந்தாள். ஒவ்வொருவரிடமும் "கடலா, கரையா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்டாள்.

"அவ கரைதாம்மா. நானும் கரை. நான் எறங்கினா கடல் வெளிய வந்துரும்" என்றாள் ரேடியோ அக்கா.

சைக்கிள் ஓட்டப் போகிறேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து சைக்கிளில் ஏறவேயில்லை. அவள் காட்டிய படத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை போகிறது. அதில் போனால் கடல் கண்ணில் படாது என்று அந்தப் பெண் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள். யாரோ அவளிடமும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

மார்ச் 9

எங்கள் கட்டடத்தில் எங்கள் வீட்டு முகப்பு மட்டும் பழைய நீலம். போன வருஷம் வீட்டுக்காரர் மொத்தத்துக்கும் பச்சை அடித்தபோது அம்மா குறுக்கே போய் நின்றுகொண்டாள். "அவ வந்தா வீடு அடையாளம் தெரிய வேண்டாமா?" என்றாள். பெயின்ட் அடிக்கிறவர் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அம்மா காதில் விழாமல்.

அந்த அம்மாவிடம்தான் இன்று கடல் என்ற சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன். கத்துவாள், போகக்கூடாது என்பாள், நானும் சரி என்று வீட்டிலேயே இருந்துவிடலாம் — உள்ளுக்குள் அப்படி ஓர் ஆசைகூட இருந்தது.

அம்மா கத்தவில்லை. எவ்வளவு ஆழம் போவார்கள் என்று கேட்டாள். அடியில் வெளிச்சம் இருக்குமா, கண்ணைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். நான் கரைக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"கடல்ல எறங்கு."

எனக்கு விளங்கவில்லை.

"அத்தன பேரு தேடினாங்க. எல்லாரும் மேலயேதான தேடினாங்க. அடியில யாரு பாத்தா? நீ ஒரு தடவ பாத்துட்டு வா."

"அம்மா, அது வேற கடல். எங்கயோ இருக்கு."

"கடல் ஒண்ணுதானடி. நடுவுல சுவரா கட்டியிருக்காங்க?"

சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு தெளிவு. இத்தனை நாளில் நான் பார்க்காத தெளிவு. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 10

அக்கா வருவாள் என்கிறாள் அம்மா. அடியில் போய்ப் பார் என்றும் சொல்கிறாள். இரண்டும் எப்படிச் சேரும்? அம்மா மனதில் சேர்கிறது.

எனக்கு பயமா இருக்கு. யாருகிட்டயும் சொல்ல முடியல. முகம் கழுவும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுதான் கழுவுறேன். வாளித் தண்ணிக்கே பயப்படுறவள கடல்ல எறங்குன்னா? சரி, நானும் வரலன்னா என்ன பண்ணுவா? அதை யோசிச்சாளா? யோசிக்கல. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

அப்பா லாரி ஓட்டுகிறவர். எப்போதாவது வருவார். "போனவ போயிட்டா" என்று ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து அம்மா அவருக்குச் சோறு போடுவதில்லை, நான்தான் போடுகிறேன். கடலில் இறங்கமாட்டேன் என்று நான் சொன்னால் எனக்கு யார் போடுவார்?

மார்ச் 12

கடல் என்று மாற்றிக்கொடுத்துவிட்டேன். சுற்றுலாப் பெண்ணிடம் போனில்தான் சொன்னேன், நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

பட்டறையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொக்கு அண்ணன் மட்டும், கண்ணாடி இல்லாமல் உனக்கு உன் கைவிரலே தெரியாதே, கடலடியில் என்ன பார்ப்பாய் என்றார். முக்குளிக்கிறவர்கள் முகத்தில் மாட்டுகிற கண்கவசத்துக்குள் என் பவருக்கு இரண்டு வில்லை அரைத்து ஒட்டித் தருகிறாராம்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. தெளிவாத் தெரியும்" என்றாள்.

மார்ச் 17

கண்கவசம் தயார். வேலை முடிகிற நேரத்தில் கொக்கு அண்ணனே என் முகத்தில் மாட்டி, பின்னால் வாரை இழுத்துவிட்டார்.

எல்லாம் கூர்மையாகத் தெரிந்தன. ஆனால் சின்னதாக, எங்கோ தள்ளி. கொக்கு அண்ணன் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார், ஆனால் ஒரு நீளமான அறையின் கடைசியில் நிற்கிற மாதிரி இருந்தது. கண்ணுக்குப் பின்னால் இழுத்தது. பவர் கூடுதலாக இருக்கிறது அண்ணா என்றேன்.

உன் பவர் எனக்குத் தெரியாதா, மனப்பாடம் என்று எண்ணைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவர் வாய் நின்றுவிட்டது.

அது அக்காவின் எண்.

இங்கே வேலை பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி அரைப்பது அவர்தான். யாருக்கும் சீட்டைப் பார்த்து அரைத்ததில்லை, எல்லாம் அவர் மனதில் இருக்கிறது. என் முக்காலியைப் பார்த்துக்கொண்டே அவர் கை அரைத்திருக்கிறது. "தப்பு பண்ணிட்டேம்மா" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் உடனே கழற்றவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டே பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். சக்கரம், சுவர், கதவு, ரேடியோ அக்காவின் முதுகு. எல்லோரும் வெகுதூரத்தில் இருந்தார்கள். யாரையாவது கூப்பிட்டால் கேட்காது என்று தோன்றியது. அப்புறம் என் விரல்கள் வாரைத் தேடித் தேடி, கொக்கி அகப்படாமல் மூச்சு முட்டியது. ரேடியோ அக்காதான் வந்து கழற்றினாள்.

மார்ச் 18

வேறு வில்லை அரைத்துக் கொடுத்தார். இந்த முறை சீட்டைப் பார்த்து. சரியாக இருக்கிறது. முதலில் அரைத்ததை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 22

நீச்சல்குளத்தில் பயிற்சி. கடலில் இறங்குகிறவர்கள் மட்டும் போனோம். பயிற்சியாளர் முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் ஒன்றுதான்: மூச்சைப் பிடிக்கக்கூடாது. என்ன நடந்தாலும் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே.

கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகலாம் என்று அர்த்தமாம். கொக்கு அண்ணன் நன்றாக இருக்கிறேன் என்று நினைத்து அதைக் காட்டிக்கொண்டேயிருந்தார், பயிற்சியாளரும் அவரை மேலே இழுத்துக்கொண்டேயிருந்தார். "என்னை எறங்கவே விடமாட்டேங்கறாங்க" என்று புலம்பினார்.

என் முறை வந்தது. இடுப்பளவு தண்ணீரில் முகத்தை அமிழ்த்தவே எனக்கு நெடுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. உள்ளே போனதும் காது முழுக்க மூச்சுச் சத்தம். அவ்வளவு பெரிதாக நான் மூச்சு விடுவேன் என்று எனக்கே தெரியாது. கூடாது என்று சொன்ன பிறகும் ஒரு கணம் பிடித்துப் பார்த்தேன்.

சத்தம் நிற்கவில்லை. இழுத்து, விட்டு, இழுத்து.

பின்னால் பயிற்சியாளர் இருந்தார். அவர் மூச்சாக இருக்கும். இருக்கும்.

மார்ச் 26

அம்மா சொன்னதை ரேடியோ அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது வாயில் வந்துவிட்டது. ரேடியோ நின்றுபோய் நான் பார்த்தது இன்றுதான்.

அப்புறம் சொன்னாள்: "அக்காவப் பாத்தேன், நல்லாயிருக்கா, அழாதேன்னு சொன்னான்னு சொல்லிரு. என்ன கொறஞ்சு போச்சு? பெத்த மனசு ஆறட்டும்."

நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் சொன்னால் அம்மா அடுத்த வருஷமும் அனுப்புவாள். அதற்கடுத்த வருஷமும். நான் கடலுக்கும் வீட்டுக்கும் செய்தி கொண்டுபோகிறவளாக ஆகிவிடுவேன்.

சொல்லாவிட்டால்? அவள் முகத்தில் வந்த அந்தத் தெளிவு போய்விடும்.

ஏப்ரல் 2

தீவு. வெயில் தோலில் ஊசி போடுகிறது. ஐந்தாறு குடில்கள், நடுவில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கொட்டகை. எந்த ஜன்னலைத் திறந்தாலும் அது தெரிகிறது. படத்தில் இருந்த நிறமேதான். அழகாக இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று அதன்மேல் கோபம் வந்தது.

கரைக்காரர்கள் எல்லோரும் இன்றைக்கே சைக்கிளில் கிளம்பிப் போனார்கள். நாளைக் காலை எனக்கு.

ஏப்ரல் 3

இறங்கினேன்.

படகில் ஏறும்போது பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று எப்போது தோன்றினாலும் சொல், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டோம் என்றார். ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போனோம். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன், திறந்தது.

தேடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மீனை மட்டும் பார்ப்பது, வந்துவிடுவது.

தேடினேன். மூன்று வருஷமாக நானும்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் போல, பஸ்ஸில், தெருவில், பட்டறை வாசலில். அங்கேதான் அது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் பார்த்தேன். மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் திரும்பிப் போயின.

ஒரு பாறையின் அடியில் முடி ஆடியது. நீளமாக, கறுப்பாக, காற்றில் உலர்த்துகிற மாதிரி. பயிற்சியாளரின் கையை உதறிவிட்டுப் போனேன். பிடித்தேன்.

பாசி.

வழவழப்பாக, கை நிறைய. பாசி என்று தெரிந்த பிறகும் விடவில்லை. அழுதேனா? கண்கவசத்துக்குள்ளும் தண்ணீர் கசிந்திருந்தது, எப்படித் தெரியும். மூச்சு மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது, என் ஒருத்தியின் மூச்சு. பயிற்சியாளர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சரியா என்று விரலால் வட்டம் காட்டிக் கேட்டார். நானும் வட்டம் காட்டினேன். அப்புறம் இன்னும் ஒரு தடவை, இந்தமுறை நிதானமாக, எல்லாப் பக்கமும் பார்த்தேன். மணல். பாறை. வெளிச்சம்.

கரைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். ரேடியோ அக்கா துண்டோடு பக்கத்தில் நின்றாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கினியா?"

"எறங்கினேன்."

"பாத்தியா?"

சொல்லிவிடலாம். நல்லாயிருக்கா, அழாதேன்னு சொன்னா. அவ்வளவுதான், இரண்டு வாக்கியம்.

"யாரும் இல்லம்மா."

பக்கத்து வீட்டில் யாரோ குழந்தையை அதட்டுவது மட்டும் போனில் கேட்டது.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன். மணல் இருக்கு. மீன் இருக்கு. அக்கா இல்லம்மா. எங்கயும் இல்ல."

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அம்மாவின் குரல், ரொம்பக் கரகரப்பாக: "ஈரத்தலையோடயா நிக்கற?"

"ஆமா."

"துவட்டு. போயி மொதல்ல துவட்டு."

ஏப்ரல் 5

சைக்கிள் ஓட்டினேன். விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. மறுபடி ஓட்டினேன்.

ஏப்ரல் 8

வீடு. அம்மா அழுதிருக்கிறாள், முகம் வீங்கியிருக்கிறது. என் மேல் கோபமா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. முழங்காலைப் பார்த்து, இது எப்போது என்று கேட்டாள். மருந்து போட்டுவிட்டாள். தட்டில் சோறு போட்டாள்.

ஏப்ரல் 19

நேற்று அம்மா, நாளைக்கு வேலையிலிருந்து சீக்கிரம் வர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. இன்று போனோம். கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் கடை.

அம்மா பையிலிருந்து அக்காவின் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அக்கா சிரிக்காமல் இருக்கிற போட்டோ. ஏன் இது என்று கேட்டேன். சிரிக்கிறதைத் தினமும் பார்க்க என்னால் முடியாது என்றாள்.

கடைக்காரர் அளவெடுத்துவிட்டு, "கீழ தேதி ஏதும் போடணுமா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. கண்ணாடித் துண்டுகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அக்கா பிறந்த தேதியைச் சொன்னாள். கடைக்காரர் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் காத்திருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, படகு கவிழ்ந்த தேதியைச் சொன்னாள்.

அவர் தாளைத் திருப்பி, சரியாக இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அம்மா அதை என் பக்கம் தள்ளினாள்.

படித்தேன். சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.