மெர்சிக்கு அளவு வாசித்தது

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். காயப்போட்ட துணி இரண்டாவது நாளாக ஈரம். அல்வால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம்.

மெர்சிக்கு இன்று முதல் கதிர்வீச்சு. மூளைக் கட்டியை எடுத்தாயிற்று, மிச்சத்துக்கு முப்பது நாள் கதிர். முகத்தில் அச்செடுத்த வலை மாதிரி பிளாஸ்டிக் மாஸ்க். அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிடுகிறார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது. உள்ளே துணைக்கும் ஆள் கூடாது. பத்து நிமிடம்.

இரண்டு நிமிடம் தாங்கவில்லை. கையில் கொடுத்திருந்த பெல்லை அமுக்கிவிட்டாள். வெளியே வந்தபோது கன்னமெல்லாம் வலைத் தடம். சனத்நகர் ஃபேக்டரியில் இருபத்தாறு வருடம் என் பக்கத்து ஸ்டூல். கிரேன் சங்கிலி அறுந்த அன்றுகூட எழுந்து ஓடாதவள். இன்று செருப்பை விட்டுவிட்டுக் காருக்கு நடந்தாள்.

அவள் மகன் ஜோயல் மாதாப்பூர் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான். ரிலாக்ஸ் மம்மி, ரிலாக்ஸ் மம்மி என்று ஐந்து தடவையாவது சொல்லியிருப்பான். பாவம், கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பையில் தேடினான்.

காரில் மெர்சி (பயந்தால் சுத்த நாகர்கோவில்): "நான் இனி போவ மாட்டேன் பிள்ளே. உயிரோட பெட்டியில வச்சு மூடுன மாதிரி இருக்கு."

இதைச் செய்துகொள்ளாவிட்டால் அவள் இருக்க மாட்டாள். எனக்கு அந்தப் பயம்.

ஜூலை 15, செவ்வாய்

வாங்க: து.பருப்பு, என் பி.பி. மாத்திரை, டார்ச்சுக்கு பேட்டரி.

மயக்க மருந்து கொடுத்தும் செய்யலாமாம். ஆனால் முப்பது நாளும் என்றால் உடம்பு தாங்காது என்கிறார் டாக்டர். மெஷின் பார்க்கும் அன்வர் நல்ல மாதிரி. வெளியே மைக் இருக்கிறது, பாட்டு போடுவோம் என்றார். நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். டாக்டரைக் கேட்டு வந்து சரி என்றார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். நான்கு நிமிடம். பெல்.

"கதை வேண்டாம் பிள்ளே. அந்தப் பொண்ணுக்கு அடுத்து என்ன ஆவுமோன்னு நெஞ்சு அடிக்கு. என்ன வரும்னு முன்னாலயே தெரிஞ்சது எதையாவது வாசி."

கோபம் வந்தது. நல்ல கதையாகத்தான் தேடி எடுத்தேன்.

சாயங்காலம் பீன்ஸ் நறுக்கும்போது தோன்றியது: ஃபேக்டரியின் பம்ப் பாடி செக்லிஸ்ட். ஒருத்தி டிராயிங்கைப் பார்த்து அளவை வாசிக்க வேண்டும், மற்றவள் பாகத்தில் கேஜ் வைத்து அளந்து பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். 'சரி' வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. அதுதான் எங்கள் செக்‌ஷன் சட்டம். வாசிப்பது எப்போதும் நான், கேஜ் அவள்.

ஞாபகத்திலிருந்து எழுதினேன். மொத்தம் 41 அளவு. 17ஆவது மட்டும் சந்தேகம்.

ஜூலை 16, புதன்

மழை இல்லை. மைக்கில் நான் தொண்டையைச் செருமியது அறை முழுக்கக் கேட்டதாம்.

"நம்பர் ஒண்ணு. அவுட்டர் டயா எண்பது. பிளஸ் ஆர் மைனஸ் பாயிண்ட் நாட் டூ."

பழக்க தோஷம், நிறுத்திவிட்டேன். அவளும் பழக்க தோஷத்தில் உள்ளேயிருந்து 'சரி' சொல்லிவிட்டாள். தாடை அசைந்தது, மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. அன்வர் மைக்கில், "பாத் நக்கோ கரோ, மா." பேசக் கூடாதாம். என்னிடம், நீங்களும் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள் என்றார். அப்படியே வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் நாக்கு நின்றுவிட்டது. உள்ளே நடப்பதைக் காட்டும் டிவியில் அவள் கை மூடி மூடித் திறந்தது, பெல்லைத் தேடுவதுபோல.

"மெர்சி, வாய் வேண்டாம். சரின்னா விரலைத் தூக்கு."

ஆள்காட்டி விரல் எழுந்தது.

பதினேழில் மட்டும் எழவில்லை. வலியோ என்று பதறி அடுத்ததை வாசித்தேன், எழுந்தது. முப்பத்து மூன்றாவது அளவில் மெஷின் நின்றது. முழுதாக முடிந்துவிட்டது. பாத்ரூமில் போய் அழுதேன்.

வெளியே வந்ததும் அவள் முதல் பேச்சு: "பதினேழு தப்பு. நாப்பத்திரெண்டு இல்ல, நாப்பத்தி நாலு."

ஜூலை 17, வியாழன்

முடிந்தது. 17 திருத்தினேன். உள்ளே போகும்போது அவள் கை ஐஸ். பயம் போச்சா என்று கேட்டேன். "அது அங்கதான் நிக்கு. உன் சத்தம் வந்தா கொஞ்சம் தள்ளி நிக்கு."

நான் வாசிக்காமல் விட்டால்? ஜலதோஷம் பிடித்தால்? இன்று முதல் எனக்கு மோர் கிடையாது.

ஜூலை 29, செவ்வாய்

தலையணையில் முடி என்று காட்டினாள். இருவரும் பார்த்தோம். உதறிப் போட்டாள்.

பன்னிரண்டாவது அளவுக்கு விரல் எழவில்லை. எழுதியதில் தப்போ என்று தாளைப் பார்த்தேன், தப்பில்லை. திரும்ப வாசித்தேன். அசைவில்லை. அன்வர் கேமராவைக் கிட்டே கொண்டுவந்தார். நெஞ்சு ஏறி இறங்குகிறது. "ஸோ கயீ," என்றார். தூங்கிவிட்டாள். அந்த மாஸ்க்குக்குள்.

இனி மைக்கை வைத்துவிடலாம், ரெஸ்ட் எடுங்கள் என்றார். முடியாது என்று தலையாட்டினேன். குரல் நின்றால் முழித்துக்கொள்வாள்.

பதின்மூன்று, துளை ஆழம் இருபத்தைந்து. சரி, என்று நானே சொன்னேன். பதினான்கு.